தாத்தா பிறந்த ஊர் எது? தேசியக் கால்பந்து அணிகளும் வெளிநாட்டில் பிறந்த வீரர்களும்

ஆசியக் கோப்பைத் தகுதிச் சுற்றில் 2025ஆம் ஆண்டு இந்தியா தோற்ற மூன்று ஆட்டங்களை வரிசையாக வைத்துப் பார்க்கலாம். ஜூன் 10, ஹாங்காங்: ஆட்டம் முடியும் தறுவாயில் ஒரு பெனால்டி, அடித்தவர் பிரேசிலில் பிறந்த ஸ்டெஃபான் பெரெய்ரா. அக்டோபர் 14, கோவாவின் மட்காவ்: சிங்கப்பூரின் இரண்டு கோல்களையும் போட்டவர் தென்கொரியாவில் பிறந்த சொங் உய்-யோங். நவம்பர் 18, டாக்கா: தரவரிசையில் நாற்பதுக்கும் மேற்பட்ட இடங்கள் பின்னால் இருந்த வங்கதேசம் 1-0 என்று ஜெயித்தது. கோல் என்னவோ உள்ளூர்ப் பையன் ஷேக் மொர்சாலின் போட்டதுதான். ஆனால் அந்த அணியின் நடுக்களத்தைத் தாங்கியவர் இங்கிலாந்தின் லாஃப்பரோவில் பிறந்த ஹம்ஸா சௌத்ரி. வங்கதேசம் இந்தியாவை வென்று 22 வருடம் ஆகியிருந்தது.

அதன்பிறகு எழுந்த கேள்வி எல்லோருக்கும் தெரியும். எல்லா நாடும் ஆள் எடுக்கிறது, நாம் மட்டும் ஏன் சும்மா இருக்கிறோம்? கூடவே இன்னொரு கேள்வியும் வந்தது. வெளியே பிறந்தவர்களை வைத்து ஜெயித்தால் அது எந்த ஊர் தேசிய அணி? இரண்டுமே நியாயமான கேள்விகள்தான். பதில் தேடுவதற்கு முன், எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைப் பிரித்து வைத்துக்கொள்ள வேண்டும். ‘வெளிநாட்டு வீரர்’ என்ற ஒரே சொல்லில் எல்லாரையும் அள்ளிப் போட்டுவிடுவதுதான் பாதிக் குழப்பத்துக்குக் காரணம்.

ஒரே சொல்லுக்குள் எத்தனை வகை

1. பூர்வீகம் வழியாக வருபவர்கள். ஹம்ஸாவின் தாய் வங்கதேசத்துக்காரர். பையன் லெஸ்டர் சிட்டியில் வளர்ந்தார், இங்கிலாந்தின் 21 வயதுக்குட்பட்டோர் அணியிலும் ஆடினார், பிறகு தாயின் நாட்டைத் தேர்ந்தெடுத்தார்.

2. வந்து தங்கி ஊர்க்காரர் ஆனவர்கள். சொங் பதின்ம வயதில் சிங்கப்பூருக்கு ஆட வந்தார். ஏறத்தாழ பத்து வருடம் கழித்து, 2021இல், கொரியக் குடியுரிமையை விட்டுவிட்டுச் சிங்கப்பூர்க் குடிமகன் ஆனார். ஹாங்காங்கின் பெரெய்ராவும் இதே வகை. அங்கே நிரந்தரவாசி ஆகவே ஏழு வருடம் இருக்க வேண்டும்.

3. அணிக்காகவே பாஸ்போர்ட் வாங்கித் தரப்படுபவர்கள். ரத்த சம்பந்தமும் கிடையாது, குடியிருந்ததும் கிடையாது. ஒப்பந்தம் மட்டும் இருக்கும்.

இதில் எதிலுமே சேராத இன்னொரு கூட்டமும் உண்டு: குழந்தையாகப் பெற்றோருடன் குடிபெயர்ந்தவர்கள். 2022 உலகக் கோப்பையில் கேமரூனுக்கு எதிராக ஸ்விட்சர்லாந்துக்குக் கோல் அடித்துவிட்டு, கொண்டாடாமல் இரு கைகளையும் உயர்த்தி நின்ற பிரீல் எம்போலோ பிறந்தது கேமரூன் தலைநகர் யவுண்டேயில். அவரை யாரும் ‘எடுத்து’ வரவில்லை, ஆட்டத்தையே அவர் ஸ்விட்சர்லாந்தில்தான் கற்றார். அந்த உலகக் கோப்பையில் ஆடவந்தவர்களில் ஏறக்குறைய ஆறில் ஒருவர் தன் அணியின் நாட்டுக்கு வெளியே பிறந்தவர். பிறந்த இடத்தை வைத்து ஒருவரின் நாட்டை அளப்பது எவ்வளவு மோசமான அளவுகோல் என்பதற்கு இதுவே போதும். இனியாகி வில்லியம்ஸ், நிகோ வில்லியம்ஸ் சகோதரர்கள் இருவரும் ஸ்பெயினில் பிறந்தவர்கள். அண்ணன் கானாவுக்கு ஆடுகிறார், தம்பி ஸ்பெயினுக்கு ஆடுகிறார்.

ஃபிஃபா விதி எப்படி வந்தது

ஒரு காலத்தில் விதி என்று பெரிதாக எதுவும் இல்லை. லூயிஸ் மோன்டி 1930 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் அர்ஜென்டினாவுக்கும், 1934 இறுதி ஆட்டத்தில் இத்தாலிக்கும் ஆடினார். டி ஸ்டெஃபானோ அர்ஜென்டினா, கொலம்பியா, ஸ்பெயின் என்று மூன்று சட்டை போட்டார். ஹங்கேரியின் புஷ்காஷ் பிற்பாடு ஸ்பெயினுக்கு ஆடினார். “அந்தக் காலத்தில் எல்லாம் தேசிய அணி என்றால் தேசிய அணிதான்” என்று சொல்பவர்களுக்கு இந்தப் பெயர்களை நினைவூட்டலாம்.

இப்போதைய விதிகளுக்கு விதை போட்டது கத்தார். 2004இல் ஜெர்மன் லீகில் கோல் மழை பொழிந்துகொண்டிருந்த பிரேசில் வீரர் அய்ல்டன் உள்ளிட்ட சிலரை, கத்தாரோடு எந்தத் தொடர்பும் இல்லாத நிலையில், பணம் கொடுத்துச் சேர்க்கப் பேச்சு நடந்தது. ஃபிஃபா அவசரமாகக் கூடி, வீரருக்கும் நாட்டுக்கும் தெளிவான தொடர்பு இருக்க வேண்டும் என்று தடை போட்டது. பிறகு அது கொஞ்சம் கொஞ்சமாக இறுகி, இன்று இப்படி நிற்கிறது:

1. முதல் நிபந்தனை குடியுரிமை. அந்த நாட்டின் நிரந்தரக் குடியுரிமை கையில் இருக்க வேண்டும். வசிப்பிட அனுமதி, விசா, வம்சாவளி அட்டை எதுவும் கணக்கில் வராது.

2. குடியுரிமை புதிதாக வாங்கியது என்றால் நாட்டோடு பிணைக்கும் ஒரு கண்ணியும் காட்ட வேண்டும். வீரர் அந்த மண்ணில் பிறந்திருக்க வேண்டும், அல்லது பெற்ற தாயோ தகப்பனோ பிறந்திருக்க வேண்டும், அல்லது தாத்தா பாட்டியில் ஒருவர் பிறந்திருக்க வேண்டும். எதுவும் இல்லையென்றால் அங்கே வாழ்ந்திருக்க வேண்டும்: 10 வயதுக்கு முன் வந்தவருக்கு மூன்று வருடம், அதற்குப் பிறகு வந்தவருக்கு ஐந்து வருடம்.

3. ஒரு நாட்டின் மூத்த அணிக்கு அதிகாரபூர்வப் போட்டியில் இறங்கிவிட்டால் அநேகமாகக் கதவு மூடிவிடும். நட்பு ஆட்டம் இந்தக் கணக்கில் சேராது. டியேகோ கோஸ்டா 2013இல் பிரேசிலுக்கு இரண்டு நட்பு ஆட்டம் ஆடிவிட்டு, 2014 உலகக் கோப்பைக்கு ஸ்பெயின் அணியில் வந்தது அப்படித்தான்.

4. 2020இல் மூன்றாவது விதியை ஃபிஃபா சற்றுத் தளர்த்தியது. 21 வயது ஆன பிறகு அதிகாரபூர்வ ஆட்டம் எதிலும் இறங்காமல், மூத்த அணிக்கு நட்பு ஆட்டம் உட்பட மூன்று ஆட்டத்துக்கு மேல் ஆடாமல், உலகக் கோப்பையிலோ கண்டக் கோப்பையிலோ இறங்காமல், கடைசி ஆட்டம் முடிந்து மூன்று வருடம் ஆகியிருந்தால், ஒருமுறை மாறலாம். ஆனால் முதல் ஆட்டம் ஆடியபோதே இரண்டாவது நாட்டின் குடியுரிமையும் இருந்திருக்க வேண்டும்.

இரண்டாவது விதியில் வரும் தாத்தா பாட்டியைக் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் மலேசியா விவகாரம் முழுவதும் அங்கேதான் இருக்கிறது.

ஓசிஐ அட்டை ஏன் போதாது

இந்தியாவில் அதிகம் குழம்பும் இடம் இது. வெளிநாட்டு இந்திய வம்சாவளியினருக்கு ஓசிஐ (Overseas Citizen of India) என்ற அட்டை கொடுக்கிறோமே, அதன் பெயரிலேயே குடிமகன் என்று வருகிறதே, அப்புறம் என்ன தடை?

பெயரில் இருப்பது சட்டத்தில் இல்லை. அரசியலமைப்பின் 9ஆவது பிரிவும் 1955 குடியுரிமைச் சட்டமும் இரட்டைக் குடியுரிமைக்கு இடம் தரவில்லை. வேறு நாட்டுக் குடியுரிமையை ஒருவர் விரும்பி வாங்கிய கணமே இந்தியக் குடியுரிமை போய்விடும். 2005இல் நடைமுறைக்கு வந்த ஓசிஐ அட்டை உண்மையில் ஒரு ஆயுட்கால விசா. வரலாம், தங்கலாம், வேலை பார்க்கலாம். ஓட்டுப் போட முடியாது, பாஸ்போர்ட் கிடையாது.

முன்பு மற்ற விளையாட்டுகளில் இதைக் கண்டுகொள்ளாமல் விட்டிருந்தார்கள். சென்னையின் விஜய் அமிர்தராஜின் மகன் பிரகாஷ், அமெரிக்கக் குடிமகனாக இருந்துகொண்டே டேவிஸ் கோப்பை டென்னிஸில் இந்தியாவுக்கு ஆடினார். 2008 கடைசியில் விளையாட்டு அமைச்சகம், இந்தியப் பாஸ்போர்ட் இருந்தால்தான் இந்திய அணி என்று முடிவெடுத்தது. நியூகாசிலில் பிறந்து பிரீமியர் லீக் வரை ஆடிய மைக்கேல் சோப்ரா இந்தியாவுக்கு ஆட ஆசைப்பட்டும் முடியாமல் போனதற்கு இந்தப் பாஸ்போர்ட்தான் காரணம்.

“அமைச்சகம் அந்த முடிவைத் தளர்த்தினால் போதும்” என்று பலர் எழுதுகிறார்கள். டென்னிஸுக்கோ ஸ்குவாஷுக்கோ அது கொஞ்சம் உதவலாம். கால்பந்தில் உதவாது. மேலே சொன்ன முதல் விதியைப் பாருங்கள்: ஃபிஃபா கேட்பது குடியுரிமை. டெல்லி எவ்வளவு தாராளமாக இருந்தாலும், ஆட்டக்காரர் கையில் இந்தியப் பாஸ்போர்ட் இல்லாமல் ஃபிஃபா பதிவு செய்யாது. ஆக வழி இரண்டுதான். நாடாளுமன்றம் குடியுரிமைச் சட்டத்தையே மாற்ற வேண்டும், அல்லது வீரர் தன் பழைய பாஸ்போர்ட்டைத் துறக்க வேண்டும். கால்பந்துக்காக முதலாவது நடக்கும் என்று நான் நினைக்கவில்லை.

இரண்டாவது வழியில் வந்தவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். குஜராத்தி தந்தைக்கும் ஜப்பானியத் தாய்க்கும் பிறந்த இசுமி அராடா, ஜப்பான் குடியுரிமையை விட்டுவிட்டு 2013இல் இந்தியாவுக்கு ஆடினார். அவருக்குப் பிறகு பேசப்படும் பெயர் ரயன் வில்லியம்ஸ். ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் பிறந்தவர், பெங்களூரு எஃப்சி வீரர், தாய் மும்பையில் ஆங்கிலோ இந்தியக் குடும்பத்தில் பிறந்தவர். தாய்வழித் தாத்தா, மாநில அணிகள் மோதும் சந்தோஷ் கோப்பையில் பம்பாய் அணிக்கு ஆடியவர். 2019இல் ஆஸ்திரேலியாவுக்கு ஒரு நட்பு ஆட்டம் ஆடியிருந்த வில்லியம்ஸ், 2025இல் அந்தப் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டு இந்தியக் குடிமகன் ஆனார். டாக்கா ஆட்டத்துக்குள் அணி மாற்றத்துக்கான ஒப்புதல் முடியாததால் அன்று அவர் இறங்கவில்லை. அப்போது அவருக்கு வயது 32.

அந்த வயதைக் கவனிக்க வேண்டும். 22 வயதில் இங்கிலாந்தில் ஆடிக்கொண்டிருக்கும் ஒருவர் ஏன் இதைச் செய்வார்? பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டை விட்ட மறுநாள் அவர் அங்கே வெளிநாட்டு வீரர். வேலை அனுமதி வேண்டும். அந்த அனுமதிக்கான புள்ளிக் கணக்கில் தேசிய அணியின் தரவரிசையும் உண்டு, இந்தியா இருக்கும் இடமோ 140ஐ ஒட்டி. தன் பிழைப்பைத் தானே அடைத்துக்கொள்வது போல ஆகிவிடும். வங்கதேசச் சட்டம் பிரிட்டன் போன்ற நாடுகளுடன் இரட்டைக் குடியுரிமையை அனுமதிப்பதால் ஹம்ஸாவுக்கு இந்தச் சங்கடமே வரவில்லை. டாக்காவில் தெரிந்த வித்தியாசத்தில் ஒரு பகுதி மைதானத்துக்கு வெளியே, சட்டப் புத்தகத்தில் இருந்தது.

சரி, இரட்டைக் குடியுரிமை இல்லாவிட்டால் எதுவுமே முடியாதா என்றால், இந்தோனேசியா முடித்துக் காட்டியிருக்கிறது. அங்கும் வயது வந்தவர்களுக்கு இரண்டு பாஸ்போர்ட் கிடையாது. நெதர்லாந்தில் பிறந்த ஜே இட்சஸ் போன்றவர்கள் நாடாளுமன்ற ஒப்புதலோடு குடியுரிமை பெற்று அணிக்குள் வந்தார்கள். காலனிக் காலத்திலிருந்து நெதர்லாந்தில் பரவிக் கிடக்கும் இந்தோனேசிய வம்சாவளியைத் தேடிப் பிடிக்க அவர்களுடைய சங்கமும் அரசும் ஒரே திசையில் ஓடின.

மலேசியாவில் நடந்தது

இந்தியா ஹாங்காங்கில் தோற்ற அதே ஜூன் 10 அன்று, மலேசியா வியட்நாமை 4-0 என்று நொறுக்கியது. அணியில் புதிதாகச் சேர்ந்த தென்னமெரிக்க, ஐரோப்பிய வீரர்கள் இருந்தார்கள். அவர்களில் இருவர் கோலும் போட்டார்கள். புகார் போனது. ஃபிஃபா விசாரித்தது.

ஏழு வீரர்களின் தாத்தா பாட்டிகள் மலேசியாவில் பிறந்ததாகச் சான்றிதழ் கொடுக்கப்பட்டிருந்தது. ஃபிஃபா அந்தந்த நாட்டுப் பதிவேடுகளில் மூலப் பிரதியை எடுத்துப் பார்த்தபோது, அவர்கள் பிறந்தது அர்ஜென்டினாவிலும் பிரேசிலிலும் ஸ்பெயினிலும் நெதர்லாந்திலும் என்று தெரிந்தது. 2025 செப்டம்பரில் தண்டனை வந்தது: மலேசியக் கால்பந்துச் சங்கத்துக்கு 3,50,000 ஸ்விஸ் ஃபிராங்க் அபராதம், வீரர்கள் ஒவ்வொருவருக்கும் 2,000 ஃபிராங்க் அபராதமும் 12 மாதத் தடையும். நவம்பரில் ஃபிஃபாவின் மேல்முறையீட்டுக் குழுவும் இதை உறுதி செய்தது.

இந்த வித்தை புதிதும் இல்லை. கிழக்குத் திமோர் அணி பிரேசில் வீரர்களைப் பொய்ச் சான்றிதழில் ஆடவைத்ததற்காக 2023 ஆசியக் கோப்பையிலிருந்தே விலக்கப்பட்டது. கண்ணி உண்மையா என்று பார்க்க ஃபிஃபாவிடம் இருப்பது காகிதம் மட்டுமே. எங்கே காகிதம் மட்டுமே தகுதியோ, அங்கே காகிதம் தயாராகும்.

மலேசியா விஷயத்தில் எனக்கு உறுத்துவது வேறு. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் ஆடிய நாடு அது. 1980 மாஸ்கோவுக்கும் தகுதி பெற்று, புறக்கணிப்பால் போகவில்லை. அந்தக் காலத்து அணியில் மொக்தார் டஹாரி, சோ சின் ஆன், சந்தோக் சிங், ‘ஸ்பைடர்மேன்’ என்று ரசிகர்கள் கொண்டாடிய நம் தமிழ்க் கோல்கீப்பர் ஆர். ஆறுமுகம் என்று நாட்டின் எல்லா இனத்துப் பிள்ளைகளும் இருந்தார்கள். அப்படிப்பட்ட ஊருக்கு ஏழு தாத்தாக்களைக் கடன் வாங்க வேண்டி வந்திருக்கிறது.

ஆள் எடுத்தால் ஜெயிக்கலாமா

சில நேரம் ஜெயிக்கலாம். யார் எப்படி ஜெயித்தார்கள் என்று பார்த்தால் விஷயம் கொஞ்சம் தெளியும்.

மொராக்கோ. 2022 உலகக் கோப்பையில் அரையிறுதி வரை போன முதல் ஆப்பிரிக்க அணி. 26 பேரில் 14 பேர் வெளிநாட்டில் பிறந்தவர்கள். ஸ்பெயினை வீட்டுக்கு அனுப்பிய கடைசிப் பெனால்டியைத் தட்டிவிட்ட ஹக்கிமி பிறந்தது மாட்ரிட்டில். இந்தப் பாதிக் கதையை எல்லோரும் சொல்கிறார்கள். மீதிப் பாதி: அடுத்த ஆட்டத்தில் போர்ச்சுகலுக்கு எதிராக உயரப் பறந்து தலையால் கோல் அடித்த என்-நெஸிரி, நடுக்களத்தில் அசத்திய ஊனாஹி, தடுப்பாட்டக்காரர் அகேர்ட் மூவரும் சாலே நகரத்தருகே உள்ள முகமது VI கால்பந்து அகாடமியின் பிள்ளைகள். மொராக்கோ வெளியே தேடியது உண்மை, அதே நேரத்தில் உள்ளே பயிற்சிக்கூடம் கட்டியதும் உண்மை.

குராசவ். ஒன்றரை லட்சம் பேர் வாழும் கரீபியன் தீவு. இந்தியா டாக்காவில் தோற்ற அதே நவம்பர் 18 அன்று ஜமைக்காவில் 0-0 என்று சமன் செய்து, உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்ற மிகச் சிறிய நாடு ஆனது. அணியில் அநேகமாக எல்லாரும் நெதர்லாந்தில் பிறந்தவர்கள். ஆனால் தீவே நெதர்லாந்து முடியாட்சிக்குள் இருப்பதால் இரு பக்கமும் ஒரே பாஸ்போர்ட்தான். பேரப்பிள்ளைகள் வந்து ஆடினார்கள் என்றுதான் அந்தத் தீவு பார்க்கும்.

சீனா. 2019இல் சீன வம்சாவளியே இல்லாத பிரேசில்காரர் எல்கெசன் உட்படப் பலருக்குக் குடியுரிமை கொடுத்துப் பார்த்தது. 2022 பிப்ரவரி 1, சீனப் புத்தாண்டு நாளன்று, ஹனோயில் வியட்நாமிடம் 3-1 என்று தோற்று உலகக் கோப்பைக் கனவை முடித்துக்கொண்டது. கிளப்களிடம் காசு வற்றியதும் அந்தத் திட்டமும் வற்றியது.

இந்தோனேசியா நடுவில் நிற்கிறது. ஆசியத் தகுதிச் சுற்றில் நான்காவது கட்டம் வரை வந்தது அவர்களுக்குப் பெரிய தூரம். 2025 அக்டோபரில் சவுதியிடம் 3-2, ஈராக்கிடம் 1-0 என்று தோற்று நின்றுவிட்டது.

இதிலிருந்து ஒன்று தெரிகிறது. வெளியே பிறந்தவர்கள் ஒரு அணியின் தரையை உயர்த்துகிறார்கள், அதாவது அவமானத் தோல்விகள் குறைகின்றன. அதற்கு மேல் எவ்வளவு போகும் என்பது உள்ளூரில் எத்தனை பிள்ளைகள் ஒழுங்காகப் பயிற்சி பெறுகிறார்கள் என்பதைப் பொறுத்தது.

உள்ளூர்ப் பையனின் இடம்

எதிர்ப்பவர்களின் வலுவான வாதம் இதுதான்: வெளியிலிருந்து ஒருவர் வந்தால், மணிப்பூரிலோ வியாசர்பாடியிலோ வெறுங்காலில் தொடங்கிய ஒருவரின் இடம் போகிறது. உண்மைதான், போகும். ஆனால் 2025 மார்ச்சில் ஓய்விலிருந்த முன்கள வீரர் சுனில் சேத்ரியை 40 வயதில் திரும்பக் கூப்பிட வேண்டி வந்ததை நினைத்துப் பாருங்கள். முன்கள இடத்துக்கு வரிசையில் நிற்கும் கூட்டம் அங்கே இருக்கவில்லை. உள்ளூர்க் கிளப்களும் கோல் அடிக்கும் வேலையை வெளிநாட்டு வீரர்களிடமே கொடுத்துப் பழகிவிட்டன. பையனின் இடம் போவது தேசிய அணியில் தொடங்கவில்லை, கிளப்பிலேயே தொடங்கிவிட்டது.

என் கணக்கில், முதல் வகைக்குக் கதவைத் திறந்துவிடலாம், இரண்டாம் வகைக்கு ஐந்து வருடக் காவல் போதும், மூன்றாம் வகையை ஃபிஃபா தடுத்தது சரி. தாயின் நாட்டுக்காக ஆட வரும் பிள்ளையிடம் “நீ எங்கே பிறந்தாய்” என்று கேட்பதில் எனக்கு எந்த நியாயமும் தெரியவில்லை. நம் ஆட்களும் அந்தப் பக்கம் போயிருக்கிறார்களே. கண்ணூர்ப் பெற்றோருக்குப் பிறந்து கத்தாரில் வளர்ந்த தஹ்சின் முகமது கத்தார் அணிக்கு ஆடுகிறார். கேரளத்தில் யாரும் அதைத் துரோகம் என்று சொல்லவில்லை, பெருமைப்பட்டார்கள்.

இலங்கை இந்தக் கதவைத் திறந்து சில வருடம் ஆகிறது. அங்கே இரட்டைக் குடியுரிமைக்குச் சட்டத்தில் வழி உண்டு. ஜெர்மனி, ஆஸ்திரேலியா, பிரிட்டன் என்று வளர்ந்தவர்கள் அணியில் சேர்ந்தார்கள். 2024 செப்டம்பரில் கம்போடியாவைப் பெனால்டியில் வென்று ஆசியக் கோப்பைத் தகுதிச் சுற்றின் கடைசிக் கட்டத்துக்குப் போனார்கள். புலம்பெயர்ந்த ஈழத்தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இதில் கூடுதலாக ஒரு முடிச்சு இருக்கிறது. ஃபிஃபாவில் இடம் இல்லாத அணிகளுக்காக 2018இல் லண்டனில் நடந்த கோனிஃபா கோப்பையில் தமிழீழம் என்ற பெயரில் ஓர் அணி ஆடியது. ஒருவருக்குத் தாயின் ஊர் இருக்கலாம், அந்த ஊரை ஆளும் நாட்டின் சட்டையைப் போட மனம் வருமா என்பது வேறு. விதிப் புத்தகத்தில் அதற்குப் பத்தி கிடையாது.

இந்தியாவுக்கு மிச்சம் இருக்கும் கணக்கு

சட்டம் இப்படியே இருக்கும் என்று வைத்துக்கொண்டால், நடைமுறையில் இருக்கும் பாதை குறுகலானது:

1. ஓசிஐ அட்டை வாங்கி ஐந்து வருடம் ஆகியிருக்க வேண்டும்.
2. விண்ணப்பிக்கும் முன் 12 மாதம் இந்தியாவில் வாழ்ந்திருக்க வேண்டும்.
3. பழைய குடியுரிமையைத் துறக்க வேண்டும்.
4. ஏற்கெனவே வேறு நாட்டின் வயதுக்குட்பட்டோர் அணியிலாவது ஆடியிருந்தால், அணி மாற்றத்துக்கு ஃபிஃபாவின் ஒப்புதலும் வாங்க வேண்டும்.

20 வயதில் இன்றுதான் அட்டைக்கு விண்ணப்பிக்கிறவர் இதையெல்லாம் முடிக்கும்போது 25 தாண்டிவிடும். சிறுவயதிலேயே பெற்றோர் அட்டை எடுத்துவைத்த பிள்ளைகளுக்கு ஒரு வருடம்தான் தடை. அவர்களைத் தேடுவது இப்போதே செய்யக்கூடிய வேலை. டப்ளினில் பிறந்த ரொபர்ட்டோ லோப்பஸை கேப் வெர்டே லிங்க்ட்இன் வழியாக அல்லவா பிடித்தது? போர்ச்சுகீஸில் வந்த செய்தியைக் குப்பை என்று நினைத்து மாதக்கணக்கில் அவர் கண்டுகொள்ளவே இல்லை. பிறகு பதில் போட்டார், அணியில் சேர்ந்தார், 2025 அக்டோபரில் அந்த அணி உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றது.

ஆனால் லோப்பஸ் டப்ளினிலேயே ஆடிக்கொண்டு கேப் வெர்டேக்கும் ஆடலாம். இந்தியாவைத் தேர்ந்தெடுப்பவர் அந்த 12 மாதத்தை இங்கே கழிக்க வேண்டும், அதாவது இங்கே ஏதாவது ஒரு கிளப்பில் சம்பளத்துக்கு ஆட வேண்டும். 2025 ஜூலையில், ஒப்பந்தச் சிக்கலால் இந்தியாவின் முதன்மைக் கால்பந்து லீகான ஐஎஸ்எல்லின் சீசனே நிறுத்திவைக்கப்பட்டு, வீரர்கள் மாதக்கணக்கில் எப்போது ஆட்டம் தொடங்கும் என்று தெரியாமல் காத்திருந்தார்கள்.